சந்தில் நிற்கும் நேரம்

மச்சான்,

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. செம்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இடியாப்பம் மூடி வைத்திருக்கிறேன். பட்டறைக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு ஷைஸ்தா லாத்தாவிடம் கொடுத்துவிடுங்கள்.

"கதையில வர்ற ஆளுக்காக அழுவுறியே, பைத்தியமா, பாகலா நீ?" என்று நேற்று கேட்டீர்கள். நான் படித்துக்கொண்டிருந்த நாவலை மூடி வைத்துவிட்டேன். அந்த நாவலில் ஒருவன், வேலையிடத்துக் கோபம் ஆறும்வரை தெருவிலேயே நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறான். நீங்களும் தினமும் கீழே சந்தில் நிற்கிறீர்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை போல என்று இத்தனை நாள் தப்பாக நினைத்திருந்தேன். அதற்குத்தான் அழுதேன்.

சஃபீனா

தேங்காய்ப்பால் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

இன்று சந்தில் நிற்காதீர்கள். கோபத்தோடேயே மேலே வாருங்கள்.