தட்டை முகம் உன்னைப் பார்க்கட்டும்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பின சைரன் சாமான் பார்சல் வந்துச்சு. வந்த லட்சணத்தைக் கேளு. அடுத்த வீட்டு டெய்லரம்மாகிட்ட வாங்கிட்டுப் படியேறுறேன், உன் மாமா எதிர்ல நிக்கிறார். "ரேடியோ ரிப்பேர்க்காரன் அக்காவுக்குப் பரிசா?"ன்னு டப்பாவைப் பிடுங்கிக் கொட்டி, பூட்ஸ் காலால மிதிச்சார். பொறுக்கப் போன என் கையையும் சேர்த்துத்தான். சுண்டுவிரல் வளைஞ்சு போச்சு. இடது கைதான், எழுத வருது.

டிரான்சிஸ்டர் ரெண்டும், ஸ்பீக்கரும் தப்பிச்சுது. பத்து K அளவு ரெசிஸ்டர் தூள். அது இல்லாம சைரன் கத்துமாடா? கழுத்தை நெரிக்கிறப்ப எனக்குக் கத்த வரமாட்டேங்குது. அடுப்படி மூலையில பட்டனை அமுக்கினா தெருவே ஓடி வரணும். வேற ஒண்ணும் கேக்கல.

உன் அக்கா

ஜூன் 9

அக்கா,

போன தடவை நான் அந்த ஆள் சட்டையைப் பிடிச்சதுக்கு உனக்கு ரெண்டு பங்கு விழுந்துச்சேன்னுதான் பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருக்கேன். அந்த மாப்பிள்ளையை உனக்குப் பார்த்தவன் நான். முதல் அடி வாங்கிட்டு வந்த உன்னைப் "பொறுத்துப் போ"ன்னு திருப்பி அனுப்பினவனும் நான்தான்.

அவன் சுவத்துல அடிச்சு உடைச்ச ரேடியோவைத் திற. மஞ்சள், ஊதா, சிவப்புக் கோடு போட்ட ரெசிஸ்டர் ரெண்டை வெட்டி எடு. ஒவ்வொண்ணும் நாலு புள்ளி ஏழு K. ஒண்ணோட கம்பியை இன்னொண்ணோட கம்பியில முறுக்கு. பத்துக்குக் கொஞ்சம் குறையும், சத்தம் கீச்சுன்னு வரும், பரவாயில்ல.

டிரான்சிஸ்டரோட தட்டை முகம் உன்னைப் பார்க்கட்டும், கால் கீழே. மூணு காலும் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். இதோட வெச்சிருக்கிற படத்துல உள்ளபடி மாட்டு.

தம்பி

ஜூன் 16

தம்பி,

கத்தலடா. வாரம் பூரா வேலைக்குப் போகாம வீட்டுலயே கிடந்தார், சோதிச்சுப் பார்க்க வழியில்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பெல்ட்டு. பக்கிள் பக்கமா. அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன், கம்முன்னு கிடந்துச்சு. முன்பல் ஒண்ணு போச்சு.

ரெசிஸ்டர் சரியாத்தான் இருக்கு. ஆனா டிரான்சிஸ்டர் மேல உள்ள நம்பர் நீ படத்துல எழுதின நம்பர் இல்ல. நீயே பாரு, காகிதத்துக்குப் பின்பக்கம் எழுதியிருக்கேன்.

அக்கா

ஜூன் 20

அக்கா,

பாவி நான். கடையில ரெண்டு டப்பா கலந்து கிடந்துச்சு, நம்பரைப் பார்க்காம அள்ளிப் போட்டேன். இந்த ரகத்துக்கு எமிட்டர் இடது, கலெக்டர் வலது. பேஸ் நடுவுலயேதான். ரெண்டையும் அப்படியே முகத்தைத் திருப்பி மாட்டு, கத்தும்.

ஒண்ணாம் தேதி வர்றேன். பையில வீல் ஸ்பேனர் இருக்கு. அந்த மண்டையைப் பொளக்காம திரும்ப மாட்டேன். தடுக்காதே.

தம்பி

ஜூன் 26

தம்பி,

வராதே. கத்திடுச்சு.

நேத்து காலையில பெல்ட்டை என் கழுத்துல சுத்தி இழுத்தான். பட்டனை அமுக்கினேன். அம்மாடி, என்ன சத்தம்! தெருவே கதவை உடைச்சுக்கிட்டு வந்துச்சு. டெய்லரம்மா இரும்பு ஸ்கேலால அவன் முட்டியிலயே ரெண்டு வெச்சா. பெல்ட்டும் கையுமா போலீஸ் இழுத்துட்டுப் போச்சு. ஸ்பேனரைக் கடையில வை, நீயும் உள்ள போயிடாதே.

உன் வீட்டுக்கு வான்னு எழுதுவே. வரல. அன்னிக்கு உன் வாசப்படியில நின்னுட்டுத் திரும்பி நடந்தது பெல்ட்டைவிட வலிச்சுதுடா. டெய்லரம்மா மாடியில ஒரு அறை தர்றா.

இந்தத் தெருவுலயே இன்னும் மூணு பொம்பளைங்க வந்து தங்களுக்கும் சைரன் வேணும்னு கேட்டாங்க. சாமான் அனுப்பு. டிரான்சிஸ்டர் காலை நானே பார்த்து மாட்டிக்கிறேன், நீ எழுத வேண்டாம்.

அக்கா