மாமியாராகப் போய்ப் பார்த்த வீடு

அனுப்புநர்
டோரீன் மெக்காஸ்கில்,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர் (ஓய்வு),
டொலீடோ, ஒஹாயோ.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
வீடு, மனை விற்பனைக் கண்காணிப்பு அலுவலகம்,
கொலம்பஸ், ஒஹாயோ.

பொருள்: திருமதி லியோனா நோவிட்ஸ்கியின் வீடு கைமாறுமுன் அவருக்கு உண்மையைத் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஓய்வூதியம் போதாததால், வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கலாமா என்று யோசித்துவந்தேன். அப்போது கோல்பி வென்ஸ்லோ என்ற தரகரின் குறுஞ்செய்தி வந்தது. இவர் வீட்டை வாங்குவதில்லை. வாங்கும் உரிமையை மட்டும் உரிமையாளரிடம் எழுதி வாங்கி, அதை லாபத்துக்கு இன்னொருவர் கைக்கு மாற்றிவிடுகிறார். விலை மலிவாக இருந்தது. பார்க்கப் போனேன்.

2. வாசலில் அவர், "உள்ள வந்து எதுவும் பேசிடாதீங்க. என் மாமியார்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். பார்க்க வருபவரைப் பங்குதாரர், மேஸ்திரி என்று எதையாவது சொல்லி அழைத்துப்போவது இத்தொழிலில் சகஜமாம். எனக்கு வீடு வேண்டியிருந்தது. தலையாட்டினேன்.

3. திருமதி நோவிட்ஸ்கி கணவரை இழந்தவர். காப்பியும் கசகசா கேக்கும் கொடுத்தார். மாடியில் ஒரு சிறிய அறைக்கு, பிறக்கப்போகும் குழந்தைக்கென்று புதிதாக மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார். "உங்க பொண்ணுக்கு எத்தனாவது மாசம்? இந்தப் படியில பார்த்து ஏறச் சொல்லுங்க" என்றார். "வீடு வாங்கி விக்கிற கம்பெனிக்காரன் எவ்வளவோ கூடத் தர்றேன்னான். புள்ளகுட்டியோட குடியிருக்கப் போறவங்களாச்சேன்னுதான் உங்க மருமகனுக்குக் கொறைச்சுக் கொடுத்தேன்" என்றும் சொன்னார். கோல்பிக்குத் திருமணமே ஆகவில்லை. நான் கேக்கைத் தின்று முடித்தேன்.

4. திருமதி நோவிட்ஸ்கி கையெழுத்திட்ட தாளை கோல்பி காரில் காட்டினார். "வாங்குபவர் அல்லது அவரால் நியமிக்கப்படுபவர்" என்று அதில் இருக்கிறது. அந்த நியமிக்கப்படுபவர் நான் என்றார். அந்த ஒரு வரியின் பொருளை அந்த அம்மாளுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

5. மறுநாள் நானே தொலைபேசியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மருமகன் மேல ஆத்திரம் இருக்கட்டும். அதுக்காகப் பெத்த பொண்ணு குடும்பத்தையேவா கெடுப்பீங்க? சீ!" என்று வைத்துவிட்டார். நேரில் போனேன். ஜன்னல் வழியே பார்த்தவர் கதவைத் திறக்கவில்லை. கோல்பியிடம் கேட்டதற்கு, "வேணாம்னா விடுங்க. உங்களுக்குப் பின்னாடி ஆள் நிக்குது" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. வீடு திரும்பினேன்.

6. நான் வாங்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். இதனால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதும் தெரியும். தாளில் குறித்த கெடு நாளான வரும் வெள்ளிக்கிழமை, எனக்குப் பின்னால் நிற்பவர் பணம் கட்டுவார். அவர் முகத்தைக்கூட இந்த அம்மாள் பார்த்திருக்கமாட்டார்.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன்பாகத் தங்கள் அலுவலர் ஒருவரை அடையாள அட்டையுடன் அனுப்பி, அந்தத் தாளை அவருக்கு வரிவரியாகப் படித்துக் காட்ட ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கைமாற்றத்தை நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமிருந்தால் நிறுத்திவைக்கவும். எனக்கு மகளே இல்லை என்பதையும் அந்த அலுவலரே சொல்லிவிடட்டும். நான் தொலைபேசியில் அந்த அம்மாளிடம் சொல்லிப் பார்த்தேன். பெற்றவள் வாயில் வருகிற பேச்சா இது என்று கேட்டார்.

இடம்: டொலீடோ
நாள்: 11 மார்ச் 2024

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
டோரீன் மெக்காஸ்கில்