பக்கத்துக் கட்டில்

ஜூன் 6, வெள்ளி

பால், காய்கறி, சோப்பு – கணக்கு எழுதியாயிற்று. மீதிப் பக்கத்தில் சின்னவளின் ஹாஸ்டலுக்காக நடுவே ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் இருவர் அறை, அந்தப் பக்கம் தனி அறை. தனி அறைக்கு வாடகை ஒன்றரை மடங்கு. சன்னலைத் திறந்தால் சுவர். இருவர் அறையில் வெளிச்சம் உண்டு, அலமாரியும் பெரியது. கடைசியாக எழுதினேன்: ராத்திரி ஆபத்துக்கு ஒரு ஆள்.

அந்த ஒரு வரியே போதும்.

ஜூன் 7

தனி அறைதான் வேண்டும் என்று நிற்கிறாள். ஏன் என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. இவர் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "மகாராணிக்குத் தனி அரண்மனை கேக்குதோ?" என்றார்.

"ஆமாப்பா. ஒரு கட்டில் போடற அளவு அரண்மனை."

அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பெரியவளின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். அவள் தூக்கத்திலேயே போய் மூன்று வருடம். யாரும் படுக்காத விரிப்பு. ஆனால் ஓரத்தில் யாரோ உட்கார்ந்து எழுந்தது போல ஒரு பள்ளம். போன வாரமும் இருந்தது. இவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 10

ஹாஸ்டல் வார்டன் முடிவு கேட்டு போன் செய்தார். போனை வைத்ததும் பொறுக்க முடியாமல் சின்னவளிடம் கத்திவிட்டேன். "ராத்திரி ஒண்ணுன்னா எழுப்பறதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணாமாடி?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"அன்னைக்கு நான் பக்கத்துலதானேம்மா படுத்திருந்தேன்."

அவளே மேலும் சொன்னாள். "யாராவது பக்கத்துல தூங்கினா மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். இங்கயும் தூக்கம் வராதும்மா. எழுந்து போய் அக்கா கட்டில்ல உக்காந்திருப்பேன்."

ஆண்டவனே, மூன்று வருடம். தினமும் காலையில் தூங்குமூஞ்சி என்று திட்டித்தானே எழுப்பினேன்? அப்போதுகூடச் சொல்லவில்லையே. நான் கேட்டேனா?

ஜூன் 11

கடைசி வரியை அடித்துவிட்டேன். தனி அறை.

ஜூன் 30, திங்கள்

சின்னவள் ஹாஸ்டலிலிருந்து போனில் பேசினாள். "அம்மா, ஒம்பது மணி வரைக்கும் தூங்கிட்டேன். முதல் வகுப்பு போச்சு. திட்டாதே."

திட்டவில்லை. சாமி முன் உட்கார்ந்தேன். வழக்கமாகச் சொல்லும் எதுவும் வாயில் வரவில்லை, கண்தான் நிறைந்தது.

மதியம் அவள் கட்டிலில் சற்றுச் சாய்ந்தேன். கண்ணை மூடினால் பெரியவளின் கட்டில் பக்கமே காது போகிறது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ. இவர் வாசலில் வந்து நின்று, "இன்னைக்குக் காபி கிடையாதா?" என்றார்.

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்றேன்.