துரோகி என்றொரு ரிமோட்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. துணி காயவில்லை. ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் டீ. பக்கத்தில் ஒருவர் செயலியில் பஸ் நேரம் பார்த்துவிட்டுக் கண்டக்டரிடம்: "ஏனுங்க, இதுல கொட்டச்சேடு பஸ்ஸே இல்லீங்களே?"

"அதுல இல்லாட்டி என்னங்க, முன்னால நிக்குதில்ல. ஏறுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தச் செயலியை நடத்துவது சேகர். பெங்களூரில் என் அறைத்தோழன். நான் எழுதிய நிரலைத் தன்னுடையது என்று காட்டிப் பதவி உயர்வு வாங்கியவன். அதோடு பேச்சில்லை. இப்போது தர்மவான். நிரலைத் திறந்து வைத்திருக்கிறான், யாரும் திருத்தலாமாம்.

திருத்துகிறேன்.

ஜூலை 9, புதன்

கொட்டச்சேடு, வெள்ளக்கடை நிறுத்தங்கள் சேர்த்தாயிற்று. புஷ் செய்தால், அதாவது திருத்தியதை மேலே ஏற்றினால், அனுமதி மறுப்பு. தடுத்துவிட்டான் என்று கத்தினேன். மனைவி விமலா அடுப்படியிலிருந்து: "நீங்கதான்னு அவருக்கு எப்படீங்க தெரியும்?"

நியாயம். உதவிப் பக்கம் படித்தேன். அவனுடைய மூலத்தையே நேராக இறக்கியிருக்கிறேன். அங்கே வெளியாள் எழுத முடியாது. ஃபோர்க் செய்து என் கணக்கில் நகல் எடுக்க வேண்டும். பிறகு இரண்டு ரிமோட், அதாவது எங்கே ஏற்றுவது, எங்கிருந்து இறக்குவது என்று என் கணினிக்குச் சொல்லும் பெயர்கள்:

ஆரிஜின் – என் நகல். புஷ் இங்கே.
அப்ஸ்ட்ரீம் – அவன் மூலம். ஃபெட்ச் மட்டும், புதிதாக வந்ததை இறக்கிக்கொள்ள.

அப்ஸ்ட்ரீம் என்பது வழக்கம்தான், எந்தப் பெயரும் வைக்கலாமாம். வைத்தேன்: துரோகி. தட்டும்போதெல்லாம் இனிக்கிறது. இரவு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன்.

ஜூலை 10, வியாழன்

மழை. மதியம் வரை கரண்ட் இல்லை. பிறகு என் திருத்தத்தை மூலத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி இணைப்புக் கோரிக்கை அனுப்பினேன். சோதித்ததற்குச் சான்றாகத் திரையில் இருந்ததை அப்படியே ஒட்டி. அனுப்பியபின் படித்தேன். முதல் வரி நான் தட்டிய கட்டளை: ஃபெட்ச் துரோகி. மேலே என் முழுப்பெயர்.

அழித்துப் பயனில்லை. அவனுக்கு மின்னஞ்சல் போயிருக்கும். இனிச் சேர்க்க மாட்டான், கொட்டச்சேடு பஸ்ஸும் போச்சு.

விமலா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இத்தன வருசமா சொல்ல நெனச்சதச் சொல்லீட்டீங்க. உடுங்க."

ஜூலை 12, சனி

வெயில். சட்டைகள் காய்ந்தன.

இணைத்துவிட்டான். குறிப்பு: "நிறுத்தங்கள் சரி. அன்று உன் பெயரைச் சொல்லாதது தப்பு. இன்று பங்களிப்பாளர் பக்கத்தில் போட்டிருக்கிறேன். உன் நகலைச் சோதிக்க நானும் ஒரு ரிமோட் சேர்த்தேன்."

கூடவே அவன் திரையின் படம். இரண்டு ரிமோட். ஆரிஜின். அடுத்தது, சிடுமூஞ்சி. அறையில் அவன் என்னைக் கூப்பிட்ட பெயர்.

விழுந்து விழுந்து சிரித்தேன். டீ மடியில்.

மன்னித்ததாக இல்லை. வெள்ளக்கடை மாலை பஸ் நேரமும் தப்பாக இருக்கிறது. ஃபெட்ச் துரோகி.