நான் எழுதி வைத்த இரண்டுகள்

மார்ச் 4
ஆறு கட்டில், ஆறு சீட்டு. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டு, சொன்ன எண்ணைக் குறிக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோயோடு வந்திருக்கும் பஸ் டிரைவர் வழக்கம்போல, "ரெண்டு போடுங்க சிஸ்டர்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக ரெண்டுதான். எல்லாரும் இவரைப்போல இருந்தால் என் பிழைப்பு எவ்வளவு சுகம்!

மார்ச் 7
மனைவி மருந்து வாங்கப் போயிருந்தார். கேட்டேன். "ஒன்பது" என்றார் டிரைவர்.
"நான் பஸ் நம்பர் கேக்கல சார்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.
"இத்தனை நாளா ஏன் சொல்லல?"
"அவளை வச்சுக்கிட்டு எப்படிம்மா சொல்றது? மனசு ஒடைஞ்சிடும் அவளுக்கு."
டாக்டரிடம் ஓடினேன். மார்ஃபின் அளவைக் கூட்டினார். சீட்டைப் புரட்டினார் — இரண்டு, இரண்டு, இரண்டு. சீட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்ச் 8
எல்லாம் என் கையெழுத்து. மனைவியை வைத்துக்கொண்டு கேட்டால் எந்தப் புருஷன் உண்மையைச் சொல்வான்? பதினாலு வருஷ சர்வீஸ், இதுகூடத் தெரியாதா உனக்கு? தெரியும். ரெண்டுன்னா வேலை சீக்கிரம் முடியும், அதான். மழுப்பாதே.

மார்ச் 10
இனி வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பது என்று டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். "நேரத்துக்கு எங்கடி போறது?" என்று தலைமை நர்ஸ் முணுமுணுத்தார். ஆறு பேரில் நாலு பேருக்கு எண் ஏறியது. நாலு பேர்!

மார்ச் 13
டிரைவருக்கு இன்று மூன்று. நிஜமான மூன்று. மத்தியானம் அசந்து தூங்கினார்.
வராந்தாவில் மனைவி நின்றிருந்தார். நானே போய்க் கொட்டிவிட்டேன்: "மன்னிச்சிடுங்கம்மா, தப்பு என்மேலதான்."
"அவருக்கு வலின்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேக்காதா? எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார். நீங்க என்னைத் தனியா கூப்பிட்டுக் கேப்பீங்கன்னு தினமும் பார்த்துக்கிட்டே இருந்தேன்."
"இதை அவர்கிட்டயே சொல்லிடுங்கம்மா" என்றேன்.

மார்ச் 14
நேற்று சாயங்காலம் இருவரும் வெகுநேரம் பேசினார்களாம். காலையில் மனைவியை வெளியே போகச் சொல்ல வாயெடுத்தேன்.
"அவ இருக்கட்டும்" என்றார் டிரைவர். "நாலு."
மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பொய் சொல்றார் சிஸ்டர். அஞ்சு."
அவர் தலையாட்டினார். ஐந்து என்று எழுதினேன்.