திராட்சை இலையைத் தின்றது யார்?

தனாசிஸ்,

அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மேலுள்ள தயிர் டப்பாவைத் திறக்காதீர்கள், உள்ளே இருப்பது புழு.

காலையில் அதைச் சிட்னி ரோட்டுச் செடிக்கடை பிரான்வினிடம் காட்டினேன். உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளை வரி, நடுவே சிவப்புப் புள்ளி. பார்த்ததுமே சொல்லிவிட்டாள். "திராட்சை அந்துப்பூச்சியோட புழும்மா. தாய்ப்பூச்சி கறுப்பா, றெக்கையில வெளிர்மஞ்சள் பட்டையோட இருக்கும். வால்ல ஆரஞ்சுக் குஞ்சம். பகல்லயே பறக்கும்."

பட்டாம்பூச்சி என்று ஒரு மாதமாக நாம் ரசித்தது அதைத்தான்!

கொடிக்கு மருந்து அடிக்காதீர்கள். அந்த இலையில்தான் அரிசியை வைத்துச் சுருட்டித் தின்கிறோம். புழுவைக் கையாலேயே பொறுக்கலாம். கொட்டகைச் சாவி என் பையில், மருந்து பம்பைத் தேட வேண்டாம்.

ஆக, கொடியை மொட்டையடித்தது உங்கள் அக்கா வாசோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் எல்லோர் முன்னாலும் அவளைத் திருடி என்றேனே, தப்புதான். நான்கு நாளாக நீங்கள் என்னோடு பேசாததும் நியாயம்தான். மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். எழுதியதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

தெஸ்பினா

பி.கு.: செருப்பை மாட்டும்போது வாசோவே போன் செய்தாள். புழுக்கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அடியே, புழு தின்னது பாதிதான்டி! சனிக்கிழமை நீ கடைக்குப் போனப்ப அறுபது இலை நான்தான் பறிச்சேன். சட்டி நிறையச் சுருட்டி வச்சிருக்கேன், வந்து கொட்டிக்கோ."

அப்பாடா! சூப் கிடக்கட்டும், நீங்களும் அங்கே வந்துவிடுங்கள். கூச்சப்படாமல் சாப்பிடலாம், நம் வீட்டு இலைதானே.