நம் புல்வெளியில் அவர்கள் கூடாரம் வேண்டாம்

கெல்சோ முனை
மார்ச் 9

அன்புள்ள டொமினிக்,

நான் நலம், இடது முழங்காலைத் தவிர. நீயும் அந்தக் கனடாப் பனியில் இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போக வேண்டுமோ அங்கே போய் வருகிறாய் என்று நம்புகிறேன், கடைசி விஷயத்தில் கொஞ்சம் குறைவாகவே நம்புகிறேன். நாலு வருடம் கழித்து நீ வருவது எனக்குச் சந்தோஷம். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் சந்தோஷம் அதிகம் இருக்காது. ஈஸ்டருக்கு உன் கல்லூரி நண்பர்கள் அடிலெய்டிலிருந்து வண்டிகளோடு வந்து, நம் வீட்டுப் பின்புறப் புல்வெளியில் கூடாரம் போட்டுக்கொண்டு கடற்கரையில் ஓட்டப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய், நானும் சரி என்று பதில் போட்டேன். அந்தச் சரியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். காரணத்தைத் தொலைபேசியில் சொன்னால் குரல் உயரும், கன்னியாஸ்திரீகள் என்னை அப்படி வளர்க்கவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். இரண்டு குளிர்பெட்டி, காப்பி இயந்திரம், மரத்தில் கட்டுகிற வெந்நீர்க் குழாய், இரவைப் பகலாக்கும் விளக்குகள். மணலில் படுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இத்தனை எதற்கு, அவரவர் வீட்டிலேயே படுத்திருக்கலாமே. எல்லா மனிதர்களுக்கும் காலையில் வேண்டியிருக்கிற ஒன்றைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தை இல்லை. போன கோடையில் வந்த கூட்டம் மணல்மேடுகளுக்குப் பின்னால் விட்டுப் போன கழிப்பறைக் காகிதங்களைக் காற்று ஊருக்குள் கொண்டுவந்து வேலிகளில் மாட்டியது, தேவாலய வேலியில்கூட. கையுறை போட்டுக்கொண்டு அதைப் பொறுக்கியது நானும் பக்கத்து வீட்டு ஜாய்ஸும். அருவருப்பு என்ற வார்த்தையை நான் சும்மா எடுப்பதில்லை. அப்படியிருந்தும் நீ வருகிறாய் என்பதற்காக அதையும் விழுங்கிக்கொண்டு, வெளிக் கழிப்பறைக்குப் புதுத் தாழ்ப்பாள் போட ஆள் சொல்லியிருந்தேன். ஆகவே இது காகிதத்தைப் பற்றிய கோபம் இல்லை.

ஜாய்ஸின் அண்ணன் லெஸ் இன்னும் வடகோடிக் குடிசையில்தான் இருக்கிறார். சர்க்கரை வியாதியில் ஒரு கால் போன பிறகும் ஊருக்குள் வர மாட்டேன் என்கிறார். அந்தக் குடிசைக்குக் கடற்கரைதான் சாலை என்பது உனக்குத் தெரியும், ஜாய்ஸ் தன் பழைய பிக்கப் வண்டியில் தினமும் மதியச் சாப்பாடும் ஊசி மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்து வந்தாள். பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் நானும் துணைக்குப் போனேன். முந்தின வாரப் புயல் கடற்பாசியை மலை மலையாக ஒதுக்கியிருந்தது, ஒரு இடத்தில் பாசிக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் குழியாகியிருந்ததை ஜாய்ஸ் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. முன்சக்கரம் இரண்டும் இறங்கிவிட்டன. அழுகின பாசியின் நாற்றத்தைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை, அந்த ஈக்களைப் பற்றியும். இரண்டு பேரும் மண்வெட்டியால் தோண்டினோம், முழங்கை வரை அந்தக் கருப்புச் சேறு. கடல் ஏற ஆரம்பித்தது. நான் கயிற்றின் ஒரு முனையை எங்கள் வண்டியின் கொக்கியில் கட்டிவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி நிற்பவரைக் கண்டால் இந்தக் கரையில் எவனும் நிறுத்துவான். குடித்திருப்பவன் நிறுத்துவான், பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட நிறுத்துவான். உன்னைப் பதினாறு வயதில் மணலில் ஓட்ட விட்டபோது உன் அப்பா வேகத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் சொன்னது இதைத்தான்.

இரண்டு வண்டிகள் வந்தன, கூரை மேல் கூடாரம் வைத்த பெரிய புது வண்டிகள். நாங்கள் பூசையில் நற்கருணை வாங்கினது மாதிரி நிம்மதியானோம். முதல் வண்டி வேகத்தைக் குறைத்தது, கண்ணாடி இறங்கியது, கைபேசி ஒன்று வெளியே நீண்டது. ஜாய்ஸ், "தம்பி, கயிறெல்லாம் கட்டியாச்சு, ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டா போதும்ப்பா" என்றாள். உள்ளே இருந்தவன், "சாரி டார்லிங், வண்டி வாங்கி ஒரு மாசம்கூட ஆகல, கொக்கியில ஒரு கீறல் விழுந்தா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா" என்று சொல்லிச் சிரித்தான். பின்வண்டிக்காரன், "பாட்டிங்களா, தண்ணி ஏறுது, நீச்சல் உடை எடுத்துட்டு வந்தீங்களா" என்று கேட்டான். பிறகு எங்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் மேல் மணல் தெறித்தது. நண்டுப் படகுக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்து டிராக்டரை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அலை வண்டியின் இருக்கை வரை ஏறிவிட்டது. ஜாய்ஸ் மணல்மேட்டில் உட்கார்ந்து தன் பிக்கப் ஒருபக்கமாகச் சாய்வதைப் பார்த்துக்கொண்டே, "நல்லவேளை பெர்னி, நேத்துதான் கழுவலாம்னு நினைச்சேன், வேலை மிச்சம்" என்று என்னிடம் சொன்னாள். பிறகு அழுதாள். அன்றைக்கு லெஸ்ஸுக்குச் சாப்பாடும் போகவில்லை, ஊசியும் போகவில்லை, சாயங்காலம் டிராக்டர்காரர் போய்ப் பார்த்தபோது அவர் வாசலில் விழுந்து கிடந்தார்.

மறுநாள் முற்பகல் நம் வீட்டு வாசலில் அந்த முதல் வண்டி வந்து நின்றது, கீறலைச் சொல்லிச் சிரித்தவன் இறங்கினான். "மிஸஸ் டுலன்தானே, நான் கிரெய்க், டொமோட ஃபிரெண்டு, ஈஸ்டருக்கு முன்னாடி இடத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றான். நான் தலை வாரி, நீலக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் முத்துமாலையோடு நின்றேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வாசலில் வந்து நின்றவனுக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்பி எனக்குப் பழக்கமில்லை, கொடுத்தேன், எலுமிச்சைக் கேக்கும் வெட்டினேன், அதில் பாதிக்கு மேல் தின்றான். புல்வெளியைக் காலால் அளந்துவிட்டு உன் அப்பா வைத்த மரத்தைக் காட்டி, "பசங்க ராத்திரில அந்த மரத்தடியிலயே ஒதுங்கிக்குவாங்க ஆண்ட்டி, மரத்துக்கும் உரம்தானே" என்றான். பிறகு நான் கேட்காமலே, "உங்க ஊர்ல நேத்து ஒரு காமெடி ஆண்ட்டி" என்று கைபேசியை எடுத்து என் கையில் கொடுத்தான். அதில் ஓடிய படத்தில் ஜாய்ஸ் முகத்தில் சேறோடு கைகூப்பாத குறையாக நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு தொப்பியோடு கயிற்றைப் பிடித்து நின்றவள் நான். அதைப் பார்த்தவர்கள் எழுதியது கீழே வரிசையாக இருந்தது, அதில் உன் பெயரும் இருந்தது. அழும் அளவுக்குச் சிரிக்கிற பொம்மை முகம் மூன்று போட்டு, "அடுத்த தடவை படகுல வரச் சொல்லுங்கடா" என்று எழுதியிருந்தாய். நான் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னொரு கோப்பை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றான்.

உன் அம்மாவின் முதுகு உனக்குத் தெரியவில்லையே என்று நான் வருந்துவேன் என நீ நினைப்பாய், தொலைபேசியில் அழுது, அது நீங்கள்தான் என்று தெரியாது அம்மா என்று சொல்வாய். அதைச் சொல்லாதே. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகக் குமட்டலைத் தருகிறது. அது நான் என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாய், சரி, வேறு யாரோ இரண்டு கிழவிகள் என்றால் சிரிக்கலாமா. கிரெய்க் எங்கோ நகரத்தில் வளர்ந்தவன், கடல் ஏறினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், ஆனாலும் அவனை நான் மன்னிப்பதாக இல்லை. உனக்குத் தெரியும். அந்தப் படத்தில் அலை எங்கே இருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லக்கூடியவன் நீ. கயிறு என்ன சொல்கிறது என்று தெரிந்த பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறான் என்பதை என்னால் தேநீரோடு விழுங்க முடியவில்லை, இன்று வரை முடியவில்லை. இரண்டு வாரம் உனக்குக் கடிதம் வராததற்கு இதுதான் காரணம், முழங்கால் இல்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். கிரெய்க்குக்கு நீயே எழுதி, புல்வெளி இல்லை என்று சொல், காரணத்தையும் சொல். நான் சொல்லவில்லை, என் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை என்னால் அவமானப்படுத்த முடியாது, உனக்கு அந்தச் சங்கடம் கிடையாது. அடுத்தது லெஸ். தினமும் போய்ப் பார்க்க ஆள் இல்லை என்றால் அவரை மவுண்ட் கேம்பியரில் முதியோர் விடுதியில் சேர்க்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். சுவர் நாலும் ஜன்னல் ஒன்றுமாக அங்கே லெஸ் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டார், அது ஜாய்ஸுக்கும் தெரியும். ஈஸ்டர் வரை படகுக்காரர்கள் முறைபோட்டுப் போகிறார்கள், அதற்குப் பிறகு அவர்களால் முடியாது. ஜாய்ஸின் மச்சான் தன் பழைய பிக்கப்பைத் தருகிறார், ஆனால் அது பழுது பார்த்து வர ஏப்ரல் முடிந்துவிடும். நடுவில் இருக்கிற அந்த வாரங்களுக்குத்தான் வழி இல்லை, அந்த வாரங்களுக்குத்தான் நீ விடுமுறையும் வண்டியும் ஏற்பாடு செய்திருக்கிறாய். ஆகவே உன் கடற்கரைப் பயணம் ரத்தாகவில்லை, தினமும் உண்டு, வடகோடிக் குடிசை வரை போய்வர, மடியில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஜாய்ஸ் பக்கத்தில் இருப்பாள். நீ ஓட்டுவாய் என்று அவளிடமும் நர்ஸிடமும் சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை.

வரும்போது நல்ல கம்பளிக் காலுறை எடுத்து வா, இங்கே கிடைப்பது ஒரு துவைப்புக்குத் தாங்குவதில்லை. மணலில் இறங்குவதற்கு முன் டயர்களில் காற்றை இறக்கு, வாடகை வண்டிக்காரன் என்ன சொன்னாலும் சரி. பெரிய வெள்ளி அன்று இறைச்சி கேட்காதே. அந்தோணியார் உன் பாதையைக் காக்கட்டும், மாதா உனக்குக் கொஞ்சம் வெட்கத்தையும் நிறையச் சுகத்தையும் தரட்டும், உனக்காகத் தினமும் செபமாலை சொல்கிறேன், கோபத்தோடு சொன்னாலும் அது செல்லும் என்று பாதிரியார் சொல்கிறார். ஜாய்ஸ் உன்னைப் பற்றித் தினமும் விசாரிக்கிறாள், "டொம் வர்றான்ல, இனிமே லெஸ்ஸுக்குக் கவலையில்ல" என்று கடைக்காரியிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், உனக்கென்று ப்ளம் ஜாம் போட்டு மூடியில் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். அந்தப் படத்தின் கீழே நீ எழுதினது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லப் போவதில்லை. முதல் நாள் குடிசைக்குப் போகும் வழியில், அந்த ஜாமைத் திறப்பதற்கு முன்னால், அவளிடம் நீ சொல்வாய்.

உன் அம்மா,
பெர்னடெட் டுலன்